இரண்டு ஸ்கந்தாசிரமங்கள்

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு ஸ்கந்தாசிரமம் இருக்கிறது. திருவண்ணாமலையில் விருபாட்ச குகைக்கு மேலே, மலைச்சரிவில் இன்னொன்று இருக்கிறது. முன்னதில் அமாவாசை வந்தால் பிரத்யங்கிரா தேவிக்கு ஹோமம் வளர்த்து வரமிளகாயை அள்ளி அள்ளித் தீயில் இடுகிறார்கள். பின்னதில் 1916 முதல் 1922 வரை ரமண மகரிஷி இருந்தார். இன்று ஏறிப் போகிறவர்கள் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குகிறார்கள். சடங்கா ஞானமா என்று அத்வைதிகள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடத்திவரும் வழக்குக்கு இவ்வளவு தோதான இரண்டு சாட்சிகள் தமிழ்நாட்டில் வேறெங்கும் அகப்பட மாட்டார்கள். ஆனால் குறுக்கு விசாரணையில் இரண்டு பேருமே பிறழ் சாட்சியாகிவிடுகிறார்கள்.

வழக்கு இதுதான். ஒரு செயலைச் செய்யலாம், செய்யாமல் விடலாம், வேறு மாதிரியும் செய்யலாம். அது செய்பவன் கையில் இருக்கிறது என்கிறார் சங்கரர் தமது பிரம்மசூத்திர பாஷ்யத்தில். அறிவு அப்படியல்ல. எதிரே நிற்பது கட்டை என்றால் கட்டை என்றுதான் அறிய முடியும்; மனிதன் என்று அறிந்துகொள்ள யாருக்கும் சுதந்திரம் கிடையாது. செயலால் விளைவதும் நான்கே வகை: புதிதாக ஒன்று உண்டாகும், தொலைவில் இருப்பது கைக்கு வரும், இருப்பது மாறும், அழுக்கானது சுத்தமாகும். ஆன்மா எப்போதும் உள்ளது, எங்கும் உள்ளது, மாறாதது, அழுக்கே ஏறாதது. ஆகவே எந்த யாகமும் அதை உண்டாக்கித் தர முடியாது. பூசையும் ஹோமமும் மனத்தைத் துலக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியவை. கருமமும் ஞானமும் கைகோத்தால்தான் வீடு என்று வாதிட்டவர்களும் உண்டு. சங்கரர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நம்மூர்ச் சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி கட்டி இந்தச் சண்டையை வேறு விதமாக முடித்துவைத்தது.

சடங்கின் இயல்பு என்ன என்று பார்க்க, சேலையூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாடம்பாக்கத்துக்குப் போகலாம். இப்போது அதுவும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. அங்கே உள்ள தேனுபுரீசுவரர் கோயில் தூங்கானை மாட விமானம் கொண்ட சோழர் காலக் கற்றளி. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் தலபுராணம் விசித்திரமானது. கபில முனிவர் சிவலிங்கத்தை இடக்கையில் ஏந்திக்கொண்டு வலக்கையால் பூப்போட்டு வழிபட்டாராம். தரையில் வைத்தால் அழுக்காகிவிடுமே என்ற அக்கறைதான். இருந்தாலும் முறை தவறியது தவறியதுதான் என்று அவர் பசுவாகப் பிறக்க நேர்ந்தது. அந்தப் பசு லிங்கத்தின் மேல் பால் சொரிந்து சொரிந்து விமோசனம் பெற்றது.

கபிலர் யார் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்தக் கதையின் காரம் ஏறும். சாங்கியத்துக்கு ஆதிகுரு என்று மரபு சொல்லும் பெயர் அது. சாங்கியம் அத்வைதமல்ல, இருபொருள் கொள்கை. ஆனால் வேள்வியால் துன்பம் அடியோடு தீராது, பகுத்தறிந்தால்தான் தீரும் என்று சங்கரருக்கு முன்பே சொன்ன மரபு. அப்படிப்பட்ட ஞானாசிரியரைப் பிடித்து, எந்தக் கையில் லிங்கத்தை வைத்தாய் என்று கேட்டு மாடாக்கியிருக்கிறது புராணம். கிரியைக்காரர்கள் ஞானிகளின் மேல் வைத்த நையாண்டியோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எப்படியானாலும் ஒன்று தெளிவு. சடங்கு என்றால் பிழை உண்டு, பிழைக்குத் தண்டனை உண்டு, தண்டனைக்குப் பரிகாரம் உண்டு. ஞானத்துக்கு இடக்கை வலக்கை கிடையாது. அறிந்தாயா, அறியவில்லையா, அவ்வளவுதான்.

இனி சேலையூர். புவனேஸ்வரி, பிரத்யங்கிரா, சரபேஸ்வரர், பஞ்சமுக ஆஞ்சநேயர் என்று பெரிய பெரிய ஐம்பொன் திருமேனிகள். மிளகாய் அவ்வளவு எரிந்தும் நெடி வராது என்று பக்தர்கள் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது மிளகாயை அல்ல, அதற்கு முன்னால் நடக்கும் சங்கல்பத்தை. எந்த ஹோமமானாலும் அதில்தான் தொடங்கும். இந்த ஊரில், இந்த நாளில், இன்ன கோத்திரத்தில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த இன்னார், இன்ன பலனுக்காகச் செய்கிறேன் என்று சாஸ்திரிகள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். கோத்திரம் தெரியாது என்று முழித்தால் சிவகோத்திரம் என்று போட்டுக்கொள்வார்கள். யார் செய்கிறார் என்பது பதிவாகாவிட்டால் பலன் போய்ச் சேர விலாசம் இல்லை.

ரமணரின் வழி அந்த விலாசத்திலேயே கைவைக்கிறது. 1901-02ஆம் ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை எழுதிக் காட்டிய கேள்விகளுக்கு அவர் எழுதித் தந்த பதில்கள்தான் ‘நான் யார்?’ என்ற சிறு நூல். பெயரும் நட்சத்திரமும் உடலுக்கு உரியவை. அவற்றைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ளும் ‘நான்’ எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கச் சொல்கிறார். ஹோமத்தில் முதல் வரியிலேயே தீர்ந்துபோகும் கேள்வி இங்கே கடைசி வரை தீர்வதில்லை. இரண்டுக்கும் உள்ள மெய்யான தூரம் இதுதான். மற்ற வேறுபாடெல்லாம், மிளகாய்க்கும் மௌனத்துக்கும் உள்ளது உட்பட, வெளிப்பூச்சு.

இப்போது சாட்சிகள் பிறழும் இடம். சேலையூர் ஆசிரமத்தை நிறுவிய சாந்தானந்த சுவாமிகள் (1921–2002) கிரியைக்காரர் வம்சத்தில் வந்தவரல்லர். அவருடைய குரு சேந்தமங்கலத்து சுயம்பிரகாச சுவாமிகள். அவருக்கு குரு புதுக்கோட்டை ஜட்ஜ் சுவாமிகள். அவதூத பரம்பரை. விதியும் விலக்கும் தன்னைக் கட்டாது என்று துணியையும் உதறியவர் சுயம்பிரகாசர். அவருடைய சீடர்தான் புதுக்கோட்டையில் புவனேஸ்வரி, சேலத்தில் ஸ்கந்தகிரி, பிறகு சேலையூர் என்று பிரதிஷ்டை மேல் பிரதிஷ்டையாகச் செய்தார். அவர் இயற்றிய ஸ்கந்தகுரு கவசத்தைப் பாராயணம் செய்பவர்கள் ஏராளம். தலை முதல் கால் வரை காக்கச் சொல்லும் பகுதியை உருக்கமாகச் சொல்வார்கள். முருகனையே குருவாக வைத்து மெய்யறிவைக் கேட்கும் வரிகளும் அதே கவசத்தில் இருக்கின்றன. அவை வாயோடு போய்விடுகின்றன.

எதிர்ப்பக்கமும் அப்படியே. ரமணரின் தாயார் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியின் மேல் வைத்த லிங்கம் மாத்ருபூதேசுவரர் கோயிலாக வளர்ந்து, 1949 மார்ச் 17 அன்று குடமுழுக்குக் கண்டது. கருவறையில் ஸ்ரீசக்ர மேரு உண்டு. வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, தமிழ் மாதப் பிறப்பு ஆகிய நாட்களில் ஸ்ரீசக்ர பூசை நடக்கிறது. ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்னவரின் ஆசிரமத்தில் ஸ்ரீசக்ர பூசையா என்று முகம் சுளிக்கிறவர்கள், அவரே அந்த மேருவைத் தொட்டுக் கொடுத்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1907 நவம்பரில் காவ்யகண்ட கணபதி முனி விருபாட்ச குகைக்கு வந்து ரமணரிடம் கேட்டது நினைவுக்கு வருகிறது. கோடிக்கணக்கில் மந்திரம் ஜபித்தவர், வடமொழியில் ஆசுகவி. தவம் என்றால் என்னவென்று இன்னும் பிடிபடவில்லை என்று முறையிட்டார். ‘நான்’ எங்கே எழுகிறது என்று பார் என்பது வந்த பதிலின் முதல் பாதி. மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று பார் என்பது மறுபாதி. ஜபத்தை விடு என்று சொல்லவில்லை. ஜபித்தவரின் பார்வையைத் திருப்பிவிட்டார்.

இதையே 1927இல் சீடர் முருகனார் கேட்டதற்கிணங்கி உபதேச உந்தியாராக முப்பது பாடலில் முறைப்படுத்தினார். அதன் களமே தாருகாவனம்: கருமமே பலன் தரும், கடவுள் எதற்கு என்றிருந்த முனிவர்களிடம் சிவன் பிச்சை கேட்டு வந்த கதை. பலனில் பற்றில்லாத செயல், உடலால் பூசை, வாக்கால் ஜபம், மனத்தால் தியானம் என்று ஒன்றைவிட ஒன்று உயர்வாக ஏற்றிக்கொண்டுபோய் விசாரணையில் நிறுத்துகிறார். சித்தாந்தத்தின் படிக்கட்டும் சங்கரரின் கண்டிப்பும் இதில் ஒன்றாக வந்து சேர்கின்றன. எந்தப் படியும் இடிக்கப்படவில்லை. எந்தப் படியிலும் குடியிருக்க அனுமதியும் இல்லை.

தாம்பரத்துப் பக்கம் அமாவாசைக்குச் சேலையூரும் பௌர்ணமிக்குக் கிரிவலமும் போகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு இடத்திலும் அவர்கள் வேண்டிக்கொள்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டுக் கடன், பெண்ணின் கல்யாணம், பையனின் விசா. அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் திருவண்ணாமலைக்குப் போவதாலேயே ஒருவர் ஞான மார்க்கத்துக்காரர் ஆகிவிடுவதில்லை; பரிகாரத்துக்குச் சுற்றினால் பதினான்கு கிலோமீட்டரும் கிரியைதான். அதேபோல, தியான மண்டபத்தில் தினம் இந்த நேரத்துக்கு இந்தத் தூண் பக்கம் என்று இடம்பிடித்து, அது கிடைக்காவிட்டால் கடுகடுக்கிறவருக்கும் விசாரணை இன்னொரு நித்திய பூசைதான். தத்துவமாக எடுத்துக்கொண்டால் சங்கரரின் வாதம் அசைக்க முடியாதது என்பது என் கட்சி; சடங்கு ஞானத்தைத் தராது. ஆனால் சேலையூரை நிறுவியவரும் தந்துவிடும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. அவர் கவசத்தில் கேட்கச் சொன்னதை நாம்தான் பாதியோடு நிறுத்திக்கொண்டோம்.