இணையமும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும்

ஓலையேடுகளில் உறங்கிய உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் தேடித் தொகுத்து 1842-இல் அச்சேற்றியவர் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்துவாழ் கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் அதனை இணையத்தில் ஏற்றி, விலையின்றி வழங்கிற்று. தட்டெழுதியோர் ஊதியம் பெறாத தன்னார்வலர். நன்றியுடன் சொல்லவேண்டிய செய்தி இது. நூலகமில்லாத சேலம், நாமக்கல் சிற்றூர்களிலும் இன்று கைப்பேசியில் சீறாவை ஓதுகிறோம்.

நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நிலையோ வேறு. அவற்றை ஒளிப்படமாக ஏற்றினாலும், தமிழெழுத்தில் தேடுவோர்க்கு உள்ளிருக்கும் சொற்கள் அகப்படா. அரபெழுத்தில் தமிழைப் படிக்கத் தெரிந்தவர் எழுத்துப்பெயர்த்துத் தரவேண்டும்; அத்தகையோரோ அருகி வருகின்றனர். பரணிலுள்ள கிதாபைப் பிள்ளைகள் படமெடுக்கட்டும். பக்கத்தில் அமர்ந்து படித்துச் சொல்ல, நம் மஹல்லாக்களில் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கின்றனர்.