செல்வரும் வாக்காளரும்: கண்டிப் பிரதேசத் தேர்தல் அரசியலிற் சமூக இடைவெளி பற்றிய ஒரு நோக்கு

தேர்தலில் நிற்கும் ஓர் அபேட்சகர் செல்வ வாழ்வு வாழ்பவராயின், சாதாரண மக்களிடமிருந்து அவர் அந்நியப்பட்டவராவாரா? இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் விடையையும் உடன் வைத்துக்கொண்டே எழுப்புகின்றனர். மாளிகையில் வாழ்பவன் குடிசையின் துயரை அறியான் என்பது ஒரு சாராரின் கூற்று. செல்வன் களவெடுக்க வேண்டிய தேவையற்றவன், ஆதலால் அவனே நம்பத்தக்கவன் என்பது மற்றொரு சாராரின் கூற்று. இரண்டும் தனிமனிதரின் குணத்தை அளவுகோலாகக் கொண்டவை. செல்வம் எவ்வகை உற்பத்தி உறவிலிருந்து வந்தது, வாக்காளரிடம் அதனைத் தட்டிக் கேட்கும் வலு இருந்ததா என்பவற்றை இவை கருத்திற் கொள்வதில்லை. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் களமாகக் கொண்டு இவ்வினாவை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே எமது நோக்கமாகும்.

1. வளவும் குடியும்

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னன் நாடுகடத்தப்பட்டானாயினும் பிரதானிகளின் ஆதிக்கம் அவனோடு ஒழிந்துவிடவில்லை. 1832 இல் இராசகாரிய முறை நீக்கப்பட்டபோதிலும், விகாரை நிலங்களிலும் தேவாலய நிலங்களிலும் நிந்தகம்களிலும் சேவை மானியம் தொடர்ந்தது. 1870 ஆம் ஆண்டுச் சேவை மானியக் கட்டளைச் சட்டம், சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்த வழி வகுத்ததேயன்றி அவ்வுறவை அடியோடு அறுத்துவிடவில்லை.

இச்சூழலில் வளவுக்காரரின் செல்வம் அவரைக் குடியானவரிடமிருந்து பிரித்தது என்று கூறுவது பொருந்தாது. அச்செல்வமே அவர்களைப் பிணைத்த கயிறாகும். குடியானவன் வளவின் வயலை உழுதான். வழக்கு நேர்ந்தால் வளவின் வாசலுக்கே சென்றான். பெரஹராவில் வளவுக்காரரின் பின்னே நடந்தான். தலதா மாளிகையின் தியவதன நிலமே பதவியை ரத்வத்த, நுகவெல முதலிய குடும்பத்தினர் வகித்து வந்தனர். இப்பதவி தேர்தல் அரசியலோடு இணைந்து வந்தமைக்கு நிஸங்க விஜேரத்தின தக்க சான்றாவார். 1975 முதல் 1985 வரை தியவதன நிலமேயாக இருந்த அவர் 1977 இல் அமைச்சராகவும் ஆனார். இங்கு நாம் காண்பது அண்மையேயாயினும் அது சமமானோரின் அண்மையன்று; மேலிருப்போனுக்கும் கீழிருப்போனுக்கும் உள்ள அண்மையாகும்.

2. சட்டத்தரணியும் எழுதுவினைஞரும்

டொனமூர் ஆணைக்குழுவினர் 1927 இல் இலங்கைக்கு வருவதற்கு முன்னர், சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். சொத்து, வருமானம், கல்வி என்பவற்றால் வேலியிடப்பட்ட அவ்வட்டத்திற்குள் செல்வர் செல்வரிடமே வாக்குக் கேட்டனர். 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோதே எமது வினா உண்மையில் எழுகின்றது எனலாம்.

அவ்வாண்டில் கண்டித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா ஆவார். கண்டிப் பிரதானிகளின் மரபைச் சாராதவர்; கரையோரத்திலிருந்து வந்து சட்டத்தொழிலால் உயர்ந்தவர். 'எங்கள் ஜோர்ஜ்' என மக்கள் அவரை அழைத்தனர். வசதியான வாழ்க்கையினர் என்பது மறைவானதன்று. எனினும் வளவின் வாசலில் நிற்க வேண்டியிராத ஒரு தலைவரை நகரத்துச் சிறு வியாபாரியும் தொழிலாளியும் அவரிற் கண்டனர். அவர் துணைவியார் ஆக்னஸ் டி சில்வா 1927 இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என ஆணைக்குழுவினர் வினவியபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் அது வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். நகரத்து வசதி படைத்த குடும்பத்துப் பெண்ணொருவர் லயத்துப் பெண்ணுக்காகப் பேசிய இந்நிகழ்ச்சி எமது ஆய்விற் கருத்தூன்றத்தக்கது.

ஆயினும் 1942 முதல் சுகாதார அமைச்சராகவிருந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வா 1947 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் அபேட்சகராக நின்றபோது நிலைமை மாறியிருந்தது. எதிர்த்து நின்றவர் ரி. பி. இலங்கரத்தின. கண்டியை அடுத்த ஹத்தரலியத்தையிற் பிறந்த இவர் ஓர் அரசாங்க எழுதுவினைஞர். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவர். அவ்வாண்டு நடைபெற்ற பொது வேலைநிறுத்தத்தின்போது, யூன் 5 ஆம் நாள், கொழும்பிற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர் பலியானார். வேலைநிறுத்தத்திற் பங்குகொண்டமைக்காக இலங்கரத்தின சேவையிலிருந்து நீக்கப்பட்டார்.

அத்தேர்தலில் டி சில்வாவே வென்றார். ஆனால் தேர்தல் மனுவின் விளைவாக 1948 இல் அவர் ஆசனத்தை இழக்க, இடைத்தேர்தலில் இலங்கரத்தின வெற்றி பெற்றார். அவரும் தேர்தல் மனுவினாலே பதவியிழக்க, 1949 இல் அவரது துணைவியார் தமரா குமாரி கண்டியின் பிரதிநிதியானார். வேலையிழந்த எழுதுவினைஞரொருவரின் குடும்பத்தைக் கண்டி நகர வாக்காளர் இருமுறை தேர்ந்தனர். 'எங்கள்' என்னும் உரிமைச் சொல் ஒருவருக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கப்பட்டதன்று என்பதை இது காட்டுகின்றது. டி சில்வாவின் வாழ்க்கை வசதி 1931 இலும் இருந்ததே. ஆனால் 1947 இல் அவர் வேலைநிறுத்தத்தை ஒடுக்கிய ஆளும் வர்க்கத்தின் அணியில் நின்றார். மக்களின் அளவுகோலில் மாறியது அவரது வீடு அன்று; அவர் நின்ற பக்கமே.

3. தோட்ட உரிமையாளரும் தோட்டத் தொழிலாளரும்

மலையகத் தமிழரிடையே இப்பிரச்சினை மேலும் சிக்கலான வடிவம் கொள்கிறது. 1931 இல் ஏறத்தாழ 1,00,000 இந்திய வாக்காளர் பதிவு பெற்றிருந்தனர்; 1939 இல் அத்தொகை ஏறத்தாழ 2,25,000 ஆயிற்று. 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார்.

இம்மக்களின் தலைமைக்கு வந்தவர்களுள் முதன்மையானவர் சௌமியமூர்த்தி தொண்டமான். தந்தையார் கருப்பையா இராமநாதபுரச் சீமையிலிருந்து வந்து, கங்காணியாக உயர்ந்து, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர். மகன் கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிற் பயின்றார். தோட்ட உரிமையாளரே தோட்டத் தொழிலாளரின் தலைவராவது முரண்பாடன்றோ என இடதுசாரிகள் வினவினர், அவ்வினா நியாயமானதே. கங்காணி முறை தொழிலாளரைக் கடனாற் பிணைத்த முறை. அம்முறையிற் சேர்ந்த செல்வம் எவ்வாறு அம்முறைக்கு எதிரான இயக்கத்தை நடத்தும்?

1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தொண்டமான் நுவரெலியாவிலும், கே. இராஜலிங்கம் நாவலப்பிட்டியிலும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வெற்றி பெற்றனர். தோட்டச் சொந்தக்காரரையும் எழுத்தாளரையும் அம்மக்கள் ஒரே அணியிற் பாராளுமன்றம் அனுப்பினர். அடுத்த இரண்டு ஆண்டுகளுள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்குரிமையைப் பறித்தன. ஆக்னஸ் டி சில்வா யாருக்காகப் பேசினாரோ அப்பெண்களின் வாக்கை, அவர் கணவர் அமைச்சராயிருந்த கட்சியின் ஆட்சியே பறித்தது வரலாற்றின் கொடிய முரணாகும்.

நாடற்றோராக்கப்பட்டபோது தலைவரின் செல்வமும் தொண்டரின் வறுமையும் சட்டத்தின் முன் ஒன்றாயின. தொண்டமானின் செல்வம் அவரைத் தொழிலாளரிடமிருந்து விலக்காமைக்கு இப்பொது அவமதிப்பே முக்கிய காரணம் என்பது எமது கருத்து. ஆனால் இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். வாக்கில்லாத மக்கள் தலைவரை மாற்றும் கருவியையும் இழந்தனர். கண்டி நகர வாக்காளர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவுக்குப் பதிலாக வேறொருவரைத் தேர முடிந்தது. லயத்துத் தொழிலாளிக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. தலைமை கேள்விக்கப்பாற்பட்டதாகச் சமைந்தமைக்கு வாக்குரிமைப் பறிப்பும் ஒரு காரணமாகும்.

4. எளிமையும் போதாது

எளிய வாழ்வினர் பதவிக்கு வந்தாற் போதுமெனக் கருதுவோர்க்கும் இவ்வரலாறு எச்சரிக்கை கூறுகின்றது. 1956 இல் தொழில் அமைச்சரான இலங்கரத்தின 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தைக் கொணர்ந்தார். வாக்கற்ற தோட்டத் தொழிலாளரும் அதன் பயனைப் பெற்றனர். இது பெருஞ்சாதனை. ஆயினும் 1964 இல், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்த அமைச்சரவையிலும் அவர் இருந்தார். அம்மக்களின் கருத்து கேட்கப்படவேயில்லை.

மறுபுறம், ரத்வத்த வளவுக் குடும்பத்திற் பிறந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கமே 1972 இல் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. தன் வர்க்கத்தின் நிலத்தையே எடுத்த அவ்வரசாங்கத்தின் காலத்தில், தோட்டத் தமிழர் பலர் வேலையும் உணவும் இழந்து வீதிக்கு வந்தனர். ஆகவே, பிறந்த வளவைக் கொண்டோ பிறந்த குடிசையைக் கொண்டோ ஒருவரின் அரசியலை முற்றாக அளந்துவிட இயலாது.

5. முடிவுரை

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விகிதாசாரப் பிரதிநிதித்துவமும், 1989 பொதுத் தேர்தல் முதல் நடைமுறைக்கு வந்த விருப்பு வாக்கும் கண்டி மாவட்டம் முழுவதையும் ஒரே களமாக்கின. மாவட்டமெங்கும் தன் இலக்கத்தை அறிவிக்கப் பணம் இன்றியமையாததாயிற்று. முன்னர் செல்வம் அபேட்சகரின் வாழ்க்கை முறையாக இருந்தது; இப்போது அது போட்டிக்கான நுழைவுச் சீட்டாயிற்று. 2023 ஆம் ஆண்டுத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் இந்நோய்க்குக் காலந் தாழ்த்தி வந்த மருந்தாகும். 2024 பொதுத் தேர்தலில் அரசியல்வாதிகளின் சலுகைகளை எதிர்த்து நின்ற தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றமை, இவ்வினா மக்கள் மனத்தில் உயிர்ப்புடன் இருப்பதைக் காட்டுகின்றது.

நாம் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், அபேட்சகரின் செல்வம் தன்னளவில் இடைவெளியை உண்டாக்குவதன்று என்பது தெளிவாகும். வளவில் அது பிணைத்தது. நகரில் ஒரு காலத்திற் பொறுத்துக் கொள்ளப்பட்டுப் பின்னர் நிராகரிக்கப்பட்டது. தோட்டத்தில் பொது இழப்பால் மறைக்கப்பட்டது. இடைவெளியைத் தீர்மானிப்பவை இரண்டு: நெருக்கடி வேளையில் அபேட்சகர் எவர் பக்கம் நிற்கிறார் என்பது, அவரை அகற்றும் வலு வாக்காளரிடம் உண்டா என்பது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே மலையக மக்களுட் கடைசி நாடற்றோரும் பிரசைகளாக ஏற்கப்பட்டனர். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற அவ்வாக்கைக் கொண்டு, தலைவரின் வாகனத்தையும் மாளிகையையும் எண்ணுவதோடு அவர்கள் நின்றுவிடலாகாது. எமது சம்பளமும் நிலமும் வீடும் பேசப்படும் இடத்தில் நீர் எப்பக்கம் நின்றீர் என்று கேட்பதே அவ்வாக்கின் பயனாகும்.