துச்சாதனன் கேட்கும் மன்னிப்பு

எங்கள் சாமல்பட்டி பக்கத்திலிருந்து கிழக்கே திருவண்ணாமலை, விழுப்புரம் வரைக்கும் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்துதான். அதில் யாரும் ஆடத் தயங்கும் வேஷம் துச்சாதனன். நிறைந்த சபையில் ஒரு பெண்ணின் சேலையை உருவ வேண்டியவன். அந்த இடம் வந்ததும் கூத்து சற்று நிற்கும். வேஷக்காரர் துச்சாதனனாக இருப்பதை விட்டுவிட்டு, கைகூப்பி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். அப்புறம்தான் சேலையில் கை வைப்பார்.

இதை வெறும் பக்தி என்று நான் ரொம்ப நாள் தாண்டிப் போயிருக்கலாம். ஆன்லைனில் பலர் சேர்ந்து கதாபாத்திரங்களாக எழுதி ஆடும் ஆட்டங்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்த நிறுத்தத்தின் கனம் புரிந்தது.

அந்த ஆட்டங்கள் 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற எழுத்து உலகத்தில் வேர்விட்டவை. 1990களில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் நடத்திய ‘லாம்ப்டாமூ’ அந்த வகையில் புகழ்பெற்றது. 1993இல் அங்கே ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பாத்திரம் ஒரு சின்ன நிரலை வைத்து, மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களாகவே பாலியல் வன்முறையில் ஈடுபடுவதுபோல் வரிகளை ஓடவிட்டது. எல்லாம் எழுத்துதான். ஆனால் அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் நிஜமாகவே காயப்பட்டார்கள். பங்கிள் நீக்கப்பட்டது. அதே வருஷ டிசம்பரில் ஜூலியன் டிபெல் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் இதை எழுதினார். உறுப்பினர்கள் மனு போட்டு வாக்களிக்கும் முறையைக் கர்ட்டிஸ் கொண்டுவந்தார்.

பங்கிளும் துச்சாதனனும் செய்வது ஏறக்குறைய ஒரே கொடுமை. ஆனால் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். அதற்குச் சம்மதித்துத்தான் அரிதாரம் பூசியிருக்கிறார். பங்கிளை ஆட்டியவன் யாரையும் கேட்கவில்லை, அடுத்தவர் பாத்திரத்தின் கையையே பிடுங்கிக்கொண்டான். கெட்ட கதை குற்றமில்லை, கேட்காமல் இழுப்பதுதான் குற்றம்.

கூத்தில் கதை முன்பே ஊருக்குத் தெரியும். ஆன்லைனில் கதை அந்தந்த நிமிஷம் பிறக்கிறது, அதனால் அங்கே பேச்சு இன்னும் அதிகம் வேண்டும். ரான் எட்வர்ட்ஸ் 2003இல் சொன்ன ‘கோடுகளும் திரைகளும்’ அதற்குத்தான். கோடு என்றால் அந்த விஷயம் கதைக்குள்ளேயே வராது. திரை என்றால் நடக்கும், ஆனால் விவரிக்க மாட்டோம். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸின் ‘எக்ஸ் அட்டை’ இன்னும் எளிது. அதைத் தொட்டால் காட்சி நிற்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூரில் ஷிஃப்ட் முடித்து வந்து ராத்திரியில் டிஸ்கார்டில் கதை ஆடும் பசங்களிடம் இதைச் சொன்னால், “கேரக்டர்தானே பண்ணுச்சு, நானா பண்ணேன்?” என்பார்கள். அப்படிச் சொல்லும் உரிமை, ஒரு நிமிஷம் வேஷத்தை விட்டு வெளியே வந்து எதிரில் இருப்பவரைக் கேட்டவருக்குத்தான் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருத்தி, அப்படிக் கேட்காத ஒரு குழுவிலிருந்து விலகியவள், இன்றுவரை எதுவும் எழுதவில்லை.

முன்கூட்டிக் கேட்டால் கதையின் சுவாரசியம் போய்விடும் என்றும் சொல்வார்கள். துச்சாதனன் கண்ணெதிரே மன்னிப்புக் கேட்டிருப்பான். ஆனாலும் அவன் சேலையைத் தொட்டதும் முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டத்தான் செய்கிறார்கள்.