அனஸ் (ரலி) உடைத்த ஜாடி

மதீனாவில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லம். அபூஉபைதா (ரலி), உபை இப்னு கஅப் (ரலி) போன்ற பெருமக்கள் கூடியிருக்கின்றனர். பேரீச்சங்காயையும் பழத்தையும் ஊறவைத்துப் புளிக்கச் செய்த மதுவை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து நிற்பவர், அந்த அவையிலேயே வயதில் இளையவர். அவர்தாம் அனஸ் இப்னு மாலிக் (ரலி). அபூதல்ஹா அவர்கள் அனஸின் தாயார் உம்முசுலைம் (ரலி) அவர்களை மணந்தவர்கள்.

அனஸ் அவர்களுக்கு அப்போது வயது என்ன? கி.பி. 622இல் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அனஸ் பத்து வயதினர். 625இல் உஹதுப் போரன்று காலையில் மது அருந்தியிருந்த சிலர் அன்றே ஷஹீதானார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பதால், முழுத் தடை அதற்குப் பின்னரே வந்தது. ஆகவே அனஸ் பதின்மூன்றுக்குக் குறையாத வயதினர். உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் பருவம்.

திருமறை மதுவைப் படிப்படியாக விலக்கிய பாங்கை நம் மேடைகளில் விரித்துரைக்கிறோம். கிண்ணம் ஏந்தி நின்ற இச்சிறுவரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

மது விலக்கப்பட்ட செய்தி எட்டியதும் அபூதல்ஹா அவர்கள் மேலும் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. ஜாடிகளை உடைக்குமாறு அனஸுக்கே ஆணையிட்டார்கள். கல்லாலான இடிகருவி ஒன்றை எடுத்து, அதன் அடிப்பாகத்தால் ஜாடியை அடித்து நொறுக்கினார் அனஸ். மதீனத்துத் தெருக்களில் மது ஓடியது. அன்று இளையவருக்கு எவரும் உபதேசம் செய்ததாக அறிவிப்பில் காணோம். ஊற்றச் சொல்லி வந்த பெரியவர்கள் தாங்கள் குடிப்பதை நிறுத்தினார்கள்; அவ்வளவே.

'கம்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேர் 'மறைத்தல்' என்று பொருள்படும். பெண்டிர் தலையை மறைக்கும் 'கிமார்' என்ற துணியும் அவ்வேரில் பிறந்ததே. அறிவை மறைப்பதெல்லாம் கம்ர் என்றே உமர் (ரலி) அவர்கள் விளக்கம் தந்தார்கள். அறிவு இன்னும் முற்றாத பருவத்தில் அதன்மேல் திரை விழுந்தால் என்னாகும்? பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள், இருபதிலோ அதன் பின்னரோ தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகக் குடிக்கு அடிமையானதை அமெரிக்காவில் 1990களில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1937 அக்டோபரில் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு விரிந்தது. கள்ளச்சாராயம் ஒழிந்ததா என்றால், இல்லை. எனினும் அவ்வாண்டில் பிறந்த குழந்தை, கடைத்தெருவில் திறந்த மதுக்கடையைப் பாராமலே இருபத்து மூன்று வயதை எட்டிற்று. 1971இல் கடைகள் திறக்கப்படவிருந்தபோது, தொண்ணூறைக் கடந்த இராஜாஜி முதலமைச்சரின் இல்லத்துக்கே சென்று வேண்டாமென்று மன்றாடினார். பயனில்லை. 1974இல் மூடினார்கள், 1981இல் மீண்டும் திறந்தார்கள், 2003 முதல் அரசே சில்லறையாகவும் விற்கலாயிற்று. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது என்பது சட்டம். சட்டம் கடைவாசலில் நிற்கிறது. வீட்டுக்குள் அது வருவதில்லை.

நம்மிடம் ஓதிய பதினாறு வயது மாணவன் ஒருவனை அவன் தந்தை அழைத்து வந்தார். பையன் குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தானாம். ஓதி ஊதித் தண்ணீர் தர வேண்டும் என்றார். தந்தோம். பின்னர், முதன்முதலில் இவனுக்கு அதைக் காட்டியவர் யார் என்று கேட்டோம். கூட்டாளிகளைக் குறை கூறத் தொடங்கினார் தந்தை. பையன் வாய் திறக்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றான். வீட்டில் யாருக்கேனும் தண்ணீரும் தின்பண்டமும் எடுத்து வைக்கும் வேலை இவனுக்கு இருந்ததா என்று மறுபடியும் கேட்டோம்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “எனக்குத்தான் ஹஜ்ரத்” என்றார் தந்தை.