கையில காசு இல்லாதப்போ மூளையும் மக்கர் பண்ணுமா? கரும்பு விவசாயிகள் சொல்லித்தந்த உளவியல் பாடம்!

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். கீழே இருப்பதைப் பாருங்கள்.

2 2 2 2

இதில் எத்தனை எண்கள் இருக்கின்றன? சட்டுனு சொல்லுங்க!

சரியான பதில் 'நாலு'. ஆனால், உங்கள் வாய் 'ரெண்டு'ன்னு சொல்ல ஒரு நொடி ரெடியாகியிருக்குமே? தானாக வரும் பதிலை அடக்கிவிட்டு, சரியான பதிலைத் தேடி எடுக்க மூளை கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது. 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனையின் எண் வடிவம்தான் இது.

நாம் எப்படிக் கவனிக்கிறோம், ஞாபகம் வைக்கிறோம், முடிவெடுக்கிறோம் என்பதை இப்படிச் சோதனைகள் மூலம் ஆராயும் துறைதான் காக்னிட்டிவ் சைக்காலஜி. தமிழில் அறிவாற்றல் உளவியல். 'இதெல்லாம் ஃபாரின் சமாசாரம், தருமபுரிக்காரங்களுக்கு எதுக்கு?' என்று நினைத்தால், இதைப் படிங்க.

பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஆய்வு

அரூரைத் தாண்டினால் வருவது திருவண்ணாமலை மாவட்டம். அங்கேயும் விழுப்புரத்திலும் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதைச் செய்தவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வெளியாகின.

ஏன் கரும்பு விவசாயி? பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். வருமானம் மொத்தமாக வெட்டுக்குப் பிறகுதான் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் கடன், அடகு, கைமாற்று. அதாவது ஒரே மனிதர், அதே வருடத்தில் கொஞ்ச நாள் ஏழை, கொஞ்ச நாள் வசதியானவர்.

அந்த விவசாயிகளில் வெட்டுக்கு முன் பொருள்களை அடகு வைத்திருந்தவர்கள் 78%. வெட்டுக்குப் பின் வெறும் 4%. இந்த இரண்டு நேரங்களிலும் அதே ஆள்களுக்கு மேலே நீங்கள் செய்தது போன்ற எண் சோதனையும், படங்களில் விடுபட்ட பகுதியைக் கண்டுபிடிக்கும் புதிரும் கொடுத்தார்கள். படப் புதிரில் வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள். வெட்டுக்குப் பின் 5.45. எண் சோதனையிலும் பணம் வந்த பிறகு வேகம் கூடியது, தவறு குறைந்தது.

'ரெண்டாவது தடவை செய்றதால ஈஸியா இருந்திருக்கும்' என்று தோணுதா? அதையும் யோசித்திருக்கிறார்கள். வெட்டுக்குப் பிறகு முதன்முறையாகச் சோதனை செய்த விவசாயிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆலைகள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நேரத்தில் வெட்டு ஆர்டர் கொடுப்பதால், 'அது நல்ல மாசம்' என்ற காரணமும் அடிபட்டுப் போனது.

என்னதான் நடக்குது?

உங்கள் போனையே எடுத்துக்கோங்க. பின்னணியில் பத்து ஆப் ஓடினால், கேமராவைத் திறக்கவே திணறும். போன் கெட்டுப்போகவில்லை, இடம் இல்லை, அவ்வளவுதான். 'வட்டி எப்போ கட்டுறது, நகையை எப்படி மீட்கிறது' என்ற யோசனையும் அப்படிப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஆப்தான். மற்ற விஷயங்களுக்கு மிச்சமிருக்கும் கவனம் குறைகிறது.

இங்கே ஒரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லணும். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சம்பளத்துக்கு முன், பின் என இரு குழுக்களிடம் பார்த்தபோது இப்படியொரு வித்தியாசம் தென்படவில்லை. சில நாள் கைநெருக்கடியும், மாதக்கணக்கில் நீளும் கடன் சுமையும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். அதனால் 'காசு இல்லைன்னா அறிவு இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஆய்வு சொல்வதே அதற்கு நேர் எதிர். ஆள் அதே ஆள்தான், சூழ்நிலைதான் வேற.

அன்றாட வாழ்க்கையில் என்ன செய்யலாம்?

1. காசு வந்த வாரத்திலேயே ஒதுக்குங்க: மேற்கு கென்யாவில் விவசாயிகளிடம் அறுவடை முடிந்த கையோடு 'இப்பவே உரத்துக்குப் பணம் கட்டுங்க, வீட்டுக்கே இலவசமா கொண்டுவந்து தர்றோம்' என்றார்கள். உரம் போடுபவர்கள் அதிகமானார்கள். காலேஜ் ஃபீஸ், விதை, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் மனசு லேசாக இருக்கும் அந்த வாரத்திலேயே தனியே எடுத்து வெச்சிடுங்க.

2. நெருக்கடியில் மனக்கணக்கு வேண்டாம்: ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடிய விஷயங்கள் ஏழு என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குதான் என்கின்றன பிந்தைய ஆய்வுகள். லோன் ஆப்பில் விரல் வைப்பதற்கு முன், கைக்கு வரும் தொகை, மாதத் தவணை, மொத்தமாகக் கட்டப்போகும் தொகை மூன்றையும் பேப்பரில் எழுதுங்க. டென்ஷன் இல்லாத ஒருவரிடம் காட்டுங்க. ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு முடிவெடுங்க.

3. திரும்பத் திரும்பப் படிக்காதீங்க: டி.என்.பி.எஸ்.சி-க்குத் தயாராகும் நண்பர்களுக்கு இது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த ஆய்வில், அடுத்த ஐந்தே நிமிடத்தில் டெஸ்ட் வைத்தால் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். புக்கை மூடிவிட்டு எழுதிப் பாருங்க. கஷ்டமா இருக்கும். அந்தக் கஷ்டம்தான் ஞாபகத்தை உறுதியாக்குகிறது.

4. வீட்டில் கொஞ்சம் பொறுமை: தக்காளி விலை விழுந்த வாரத்தில் அப்பா ஸ்காலர்ஷிப் ஃபார்மில் கையெழுத்துப் போட மறந்துட்டாரா? 'உங்களுக்கு எதுலயும் அக்கறையே இல்ல'ன்னு சொல்வதற்கு முன், அவர் மனதில் எத்தனை ஆப் ஓடுதுன்னு யோசிங்க. அந்த ஃபார்மை நீங்களே நிரப்பி, கையெழுத்து போடும் இடத்தில் டிக் போட்டுக் கொடுங்க. பாதி வேலை முடிஞ்சிடும்.

இதைப் படிக்க ஆசையா?

பக்கத்தில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. சும்மா தெரிஞ்சுக்கணும் என்றால், என்.பி.டி.இ.எல் தளத்தில் ஐ.ஐ.டி பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம்; சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஒரு எச்சரிக்கை: உளவியலைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பட்டமாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி 2025-ல் உத்தரவிட்டிருக்கிறது. யாராவது 'வீட்டிலிருந்தே டிகிரி' என்று பணம் கேட்டால் உஷார்!

கடன் கவலை தூக்கத்தையே கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டால், டிப்ஸ் போதாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை முக்கியமான நேரத்தில் ஏதாவது சொதப்பினால், 'நான் ஒரு மக்கு'ன்னு தலையில் அடிச்சுக்காதீங்க. பின்னணியில் என்ன ஓடுதுன்னு முதலில் பாருங்க. பேப்பர், பேனா எடுத்து அதை எழுதி வைங்க. மிச்சத்தை அப்புறம் யோசிக்கலாம்.