புள்ளலூர்ப் போரும் அதன் நகல்களும்

பிரான்சில் பேயோ என்ற ஊரில் ஒரு துணி இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 70 மீட்டர், உயரம் அரை மீட்டர். 1066இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையை லினன் துணியில் கம்பளி நூலால் தைத்திருக்கிறார்கள். ‘டேப்பஸ்ட்ரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டாலும் அது தறியில் நெய்தது இல்லை, முழுக்க ஊசி வேலை. இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். நம்ம பக்கம் நடந்த நிஜப் போர் ஒன்றை இவ்வளவு பெரிதாக யாராவது படமாக்கி வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்கிறார்கள். போர் நடந்தது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில், படம் இருப்பது ஸ்ரீரங்கப்பட்டணத்தில்.

புள்ளலூர் ரொம்பப் பழைய போர்க்களம். பல்லவன் மகேந்திரவர்மன் இங்கே எதிரிகளை வென்றதைக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. நான் சொல்ல வருவது 1780 செப்டம்பர் 10ஆம் தேதி நடந்த போரை. கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படையைத் திப்புவும் ஹைதர் அலியும் சுற்றி வளைத்தார்கள். ஹெக்டர் மன்றோவின் பெரிய படை காஞ்சிபுரத்தில்தான் இருந்தது, ஆனாலும் உதவிக்கு வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் பெய்லியின் கதை முடிந்தது. மன்றோ கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே இறந்தார்.

1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் திப்பு இந்தப் போரை வரையச் சொன்னார். நடுவில் சதுரமாக நிற்கும் கம்பெனிப் படை, அதற்குள்ளே பல்லக்கில் பெய்லி, மேலே வெடித்துச் சிதறும் வண்டி, தொலைநோக்கியோடு பிரெஞ்சுத் தளபதி லாலி. சுற்றிலும் வெட்டுப்பட்ட தலைகள். திப்பு மட்டும் தோட்டத்தில் உலாவப் போகிறவர் மாதிரி நிதானமாக இருக்கிறார்!

இப்போது அந்தச் சுவரில் நாம் பார்ப்பது 1784இல் வரைந்ததா? இல்லை. நான் சாஃப்ட்வேர்காரன், எதைப் பார்த்தாலும் வெர்ஷன் ஹிஸ்டரி தேடுகிற பழக்கம். இந்தச் சுவருக்கு அது இப்படிப் போகிறது. ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது படத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. 1799இல் திப்பு இறந்த பிறகு அங்கே குடியிருந்த கர்னல் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், அதைத் திரும்ப வரையச் செய்தார். மறுபடியும் மங்கியது. 1850களின் நடுவில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்து பார்த்து, பழைய படம் நினைவில் இருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு புதுப்பிக்க உத்தரவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். தங்கள் படை தோற்ற படத்தைத் தங்கள் செலவிலேயே இரண்டு முறை வரைய வைத்திருக்கிறார்கள். திப்பு போன பிறகு அது அவர்களுக்கு அவமானமாகத் தெரியவில்லை. ‘எப்பேர்ப்பட்ட எதிரியை ஜெயித்தோம் பார்’ என்று காட்டும் சாட்சியாக மாறிவிட்டது. படம் அதேதான், ஆனால் வைத்திருப்பவர் மாறியதும் அதன் அர்த்தம் தலைகீழாகிவிட்டது.

தாளிலும் இதற்கு நகல் உண்டு. 10 தாள்களில், சுமார் 32 அடி நீளத்துக்கு வரைந்த நகல் ஒன்று 2022 மார்ச்சில் லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. இதை வெறும் ‘காப்பி’ என்று ஒதுக்க முடியாது. சுவர் பல தடவை அழிந்து எழுந்தது என்பதால், ஏதாவது ஒரு விவரத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் தாளையும் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பேயோவிலும் இதே சிக்கல்தான். ஹரோல்ட் மன்னன் கண்ணில் அம்பு பாய்ந்து செத்தான் என்று இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 1729இல் பெனுவா எடுத்த நகலில் அந்த வீரன் கையில் இருப்பது ஈட்டி மாதிரி இருக்கிறது, இறகே கிடையாது. 1819இல் வெளியான ஸ்டோதார்டின் நகலில் அது இறகு வைத்த அம்பு. 1885–86இல் லீக் என்ற ஊரில் எலிசபெத் வார்டிலும் 30க்கும் மேற்பட்ட பெண்களும் முழுத் துணியையும் திரும்பத் தைத்தார்கள். அவர்கள் பார்த்துத் தைத்த பிரதியிலேயே ஒரு நிர்வாண மனிதனுக்குக் கால்சட்டை மாட்டியிருந்தார்கள், துணியிலும் அப்படியே வந்துவிட்டது. அந்தக் கம்பளி நூலுக்குச் சாயம் போட்டது எலிசபெத்தின் கணவர் தாமஸ் வார்டில். நம்ம நாட்டு டசர் பட்டை ஆராய்ந்து பெயர் வாங்கியவர் அவர்!

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். புள்ளலூருக்குப் பிறகு 1782 பிப்ரவரியில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அன்னகுடி என்ற இடத்தில் திப்பு இன்னொரு கம்பெனிப் படையை வளைத்தார். கர்னல் பிரெய்த்வெய்ட்டும் சுமார் 2,000 பேரும் சரணடைந்தார்கள். இதுவும் பெரிய வெற்றிதான். ஆனால் தரியா தௌலத் சுவரில் இடம் பிடித்தது புள்ளலூர். இன்று அன்னகுடி என்று சொன்னால் கும்பகோணத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

புள்ளலூரிலாவது இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவையும் 1781இல் அங்கே நடந்த அடுத்த சண்டையில் செத்த ஆங்கில அதிகாரிகளுக்கு வைத்தவை. வயல் தீய்ந்து, மாடு போய், ஊரை விட்டு ஓடிய தஞ்சாவூர்ச் சீமைக்காரர்களைச் சுவரிலும் காணோம், தாளிலும் காணோம், கல்லிலும் காணோம். ‘ஹைதர் கலாபம்’ என்ற ஒரு சொல்தான் மிச்சம். அதை இன்னும் சொல்லுகிற பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த ஊர், என்ன நடந்தது என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இந்தப் போரைப் பொறுத்தவரை நம்ம பக்கத்து முதல் பிரதி அதுவாகத்தான் இருக்கும்.