வாழ்க்கைத்தரத்தை அளத்தல்: ஒரு சுட்டெண்ணும் அதன் சராசரியும்

தலா வருமானம் ஒரு நாட்டு மக்களின் வாழ்வைக் காட்டப் போதாது என்ற கருத்து 1970களில் வலுப்பெற்றது. பம்பாய்ப் பருத்தியாலைத் தொழிலாளரின் வரலாற்றை எழுதிய மொறிஸ் டேவிட் மொறிஸ் 1979இல் வெளியிட்ட நூலில் பௌதிக வாழ்க்கைத்தரச் சுட்டெண்ணை விரிவாக விளக்கினார். சிசு மரண வீதம், ஒரு வயதில் ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு வீதம் ஆகிய மூன்றையும் பூச்சியம் முதல் 100 வரையான அளவுகோலில் இட்டுச் சராசரி காண்பதே அவரது முறை. மூன்றுக்கும் சம நிறை ஏன் என்ற வினாவுக்குக் கோட்பாட்டு நிலைநின்ற விடை எதுவும் தரப்படவில்லை.

இச்சுட்டெண்ணால் பெரும் புகழ் பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வறிய நாடாயிருந்தும் அது 80ஐத் தாண்டிய புள்ளியைப் பெற்றது. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, 1945இன் இலவசக் கல்வி, இலவச மருத்துவம் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. சந்தையின் கருணையால் அன்றி, மக்கள் உரிமையாகப் பெற்றவற்றால் ஆயுள் நீண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் சராசரி என்பது எவரும் வாழாத வாழ்வு. 1974இன் உணவு நெருக்கடியில் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 50 ஆக இருக்க, பெருந்தோட்டத்துறையில் அது 100ஐத் தாண்டியது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் குழந்தைகளே அவ்வாறு மடிந்தனர். பால் அடிப்படையிலும் பிளவு இருந்தது. 1960களின் முற்பகுதி வரை இலங்கைப் பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களினதைவிடக் குறைவாகவே இருந்தது.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. வளர்ந்தோர் எத்தனை ஆண்டு உயிர்வாழ்வர், எழுத்தறிந்தவரா என்பவற்றுக்கு அப்பால் அவர்தம் வாழ்வுபற்றி இவ்வளவை எதுவும் வினவுவதில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பிரட்டுக்களத்துக்கு விரையும் பெண்ணின் களைப்புக்கு இங்கு இடமேது?

1991இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ஆய்வு மாற்றுவழியை நாடியது. ஒருவர் தம் பண்பாட்டிலும் விழுமியங்களிலும் நின்று தமது நிலையை எவ்வாறு உணர்கிறார் என்பதையே அது வாழ்க்கைத்தரம் எனக் கொண்டது. வளர்ந்தோரிடம் வினவுதற்கென 100 வினாக்கள் அமைக்கப்பட்டன. அவற்றை உருவாக்கிய 15 நிலையங்களுள் சென்னையும் ஒன்று. மனிதரையே கேட்பது பெரும் முன்னேற்றம்தான். எனினும், அமர்த்தியா சென் சுட்டியதுபோல, நெடுங்காலம் இல்லாமையில் வாழ்ந்தவர் எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்டு சிறிதிலும் நிறைவு காணக்கூடும். லயத்து அறையில் பிறந்து அங்கேயே முதிர்ந்தவர் தம் இருப்பிடம் திருப்தியானதே என்று விடையளித்தால், அவ்விடையை எவ்வாறு வாசிப்பது?

எனவே வினாத்தாளோடு சம்பளப் பதிவேட்டையும் நாம் புரட்டவேண்டியுள்ளது. ஒரே தோட்டத்தில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணினதைவிடக் குறைவாயிருந்த நிலை 1984இலேயே நீக்கப்பட்டது. மொறிசின் மூன்று அளவைகளுள் எதிலும் இந்த வேறுபாடு நேராகப் பதிவாகியிருக்க வழியில்லை.